ஒரு மணி நேரம் முந்திய கடிகாரம்

தெய்ர் அல் பலாஹ் ஊரில் வஜீஹுக்கு மட்டும் யாரும் சரியான நேரத்தைச் சொன்னதில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் ஐந்து மணிக்கு என்றால் அவனிடம் மூன்று மணி என்பார்கள். மேளம் அடிப்பவன் அவன். அவன் வராமல் மாப்பிள்ளை வாசலைத் தாண்ட முடியாது. ஒரு மாப்பிள்ளை பாவம், உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், மேளம் முழங்கியதும் அலறி எழுந்து "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம். அப்படிப்பட்ட ஆள் வஜீஹ்.

அண்ணன் ஹில்மிக்கு இது பெரிய மானப் பிரச்சினை. சந்தையில் அவருக்கு ஊறுகாய்க் கடை. காலை ஆறு மணிக்கு அவர் வாளி மூடியைத் திறக்கும் சத்தத்தை வைத்து மற்றவர்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம். அவர் யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். தம்பியின் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, திரும்பக் கட்டிவிட்டார். முதல் வாரம் வஜீஹ் எல்லா இடத்துக்கும் நேரத்துக்கு வந்து நின்றான். ஊரே பயந்துபோனது. இரண்டாம் வாரம் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கிறது என்ற தெம்பில் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தான். ஆனாலும் முள்ளை யாரும் திருப்பி வைக்கவில்லை. ஆறு வருஷம் அந்தக் கடிகாரம் அப்படியே முன்னால் ஓடியது.

அன்று காலையும் அப்படித்தான். ஹில்மியின் தெருவில் தண்ணீர் வண்டி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, வஜீஹின் வீட்டிலிருந்த எல்லோரும் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "நீங்க முன்னாடி போங்க, ஷேவ் பண்ணிட்டுப் பின்னாடியே வரேன்" என்றான் வஜீஹ். ஒன்பது இருபதுக்கு விமானம் வந்தது. அது தாமதமாக வரவில்லை.

மூன்று மாடி வீடு ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து உட்கார்ந்துவிட்டது. கையால் அள்ளக்கூடிய கல்லையெல்லாம் அள்ளிய பிறகும் கூரைத் தளம் அசையவில்லை. ஹில்மி கறுப்பு பெயின்ட் வாங்கி வந்து, சாய்ந்து நின்ற ஒரு சுவரில் எழுதினார்: "வஜீஹ் இங்கே இருக்கிறான். கல்லை எடுப்பவர்கள் கூப்பிடவும்." கீழே தன் போன் நம்பர். அந்த ஊரில் பாதித் தெருக்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இப்படி எழுதியிருக்கும். புதிதாக வருபவர்களுக்கு வழி சொல்லக்கூட அதுதான் வசதி.

பதினான்கு மாதம் கழித்துக் குண்டு நின்றது. ஊரில் கல் அள்ளும் இயந்திரம் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. ஓட்டுபவர் பெயர் அபூ ஸக்கர். அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஹில்மியின் எண் அறுபத்து மூன்று. வியாழக்கிழமை முறை வருகிறது என்று தகவல் வந்ததும், அப்பாவின் கபருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியும் தயாராக எடுத்து வைத்தார் ஹில்மி. தம்பியை அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை லுத்ஃபி வாத்தியார் வந்தார்.

பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். பள்ளிக்கூடம் புவியோடு கலந்துவிட்டதால் இப்போது நீலச் சட்டை போட்ட ஒரு வேலையில் இருந்தார். சட்டையின் முதுகில் 'பொறுப்புக்கூறலை நோக்கிய சர்வதேசச் சான்று பேணல் ஏற்பாடு' என்று எழுதியிருந்தது. வாத்தியார் ஒல்லி. பாதிப் பெயர் அக்குளுக்குள் போய்விட்டது. ஊரில் சுருக்கமாக 'ஏற்பாடு' என்றார்கள்.

"அபூ ரஷாத், உங்க சுவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருச்சு" என்றார் வாத்தியார். ஹில்மியின் மூத்த மகன் பெயர் ரஷாத். ரஷாதின் அப்பா என்று ஊர் அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"எது பிடிச்சிருச்சு?"

"சுவரு. உங்க தம்பி கேஸைப் பதிவு பண்றாங்க. யார் குண்டு போட்டது, யார் போடச் சொன்னது, எந்தச் சட்டப்படி போட்டாங்க, எல்லாத்தையும் கேப்பாங்க."

பதினான்கு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவர் வாத்தியாரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், நீட்டிய தாளில் பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டார், நல்ல மிளகாய் ஊறுகாயாக ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் கல்குவியலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். நான்கு மொழியில் 'சான்று. தொடாதீர்' என்று அச்சடித்த நாடா. சுவரில் ஓர் அட்டையும் ஒட்டினார். சான்று எண் 7714.

"ரொம்ப அழகா இருக்கு. வியாழக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம் அவுத்து விடுங்க வாத்தியாரே, வண்டி உள்ள வரணும்" என்றார் ஹில்மி.

"எந்த வண்டி?"

"கல்லு எடுக்குற வண்டி."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அபூ ரஷாத், புலனாய்வாளர் வந்து பாக்குற வரைக்கும் ஒரு கல்லு நகரக் கூடாது. நகந்தா கேஸ் போச்சு. நாலாவது கையெழுத்துல அதைத்தானே ஒத்துக்கிட்டீங்க."

"அவர் எப்ப வருவார்?"

"பார்டர் வரைக்கும் வந்துட்டார்."

வியாழக்கிழமை அபூ ஸக்கர் வந்தார், நாடாவைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், அறுபத்து நான்காம் எண்ணுக்கு வண்டியைத் திருப்பினார். "அறுபத்தி மூணு இன்னும் ரெடியாகலையா? உங்க குடும்பமே லேட்டுதானா?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹில்மியின் வாழ்க்கையில் அப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஏற்பாட்டின் துணைத் தலைவி மார்கரேதா அம்மையார் ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாக வீடியோவில் பேசினார். சிக்னல் கிடைக்கும் ஒரே டீக் கூடாரத்தில், வாத்தியாரின் டேப்லெட்டுக்கு முன்னால், தண்ணீர் தொட்டு நீவிய சட்டையோடு ஹில்மி உட்கார்ந்தார். அம்மையாருக்குப் பின்னால் ஒரு பூந்தொட்டி இருந்தது. செடி செழிப்பாக இருந்தது.

"திரு ஹில்மி, உங்களுக்கு ஏற்பட்டதாகக் கூறப்படும் துயரத்தில் நாங்கள் பங்குகொள்கிறோம். எங்கள் ஏற்பாடு யார் பக்கமும் இல்லை. நாங்கள் நடைமுறையின் பக்கம். பாதிக்கப்பட்டவர்கள் வருவார்கள், போவார்கள். நடைமுறைக்கு எந்தப் பாதிப்பும் வராமல் பார்த்துக்கொள்வதே எங்கள் கடமை."

"சந்தோஷம்மா. கல்லை எப்ப எடுக்கலாம்?"

"படிப்படியாக வருவோம். அங்கே ஒரு வீடு இருந்ததாக நீங்கள் சொல்கிறீர்கள். அங்கே வீடு எதுவும் இல்லை என்று ராணுவம் சொல்கிறது. நாங்கள் நடுநிலையோடு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தோம். உண்மையிலேயே அங்கே வீடு இல்லை."

"இப்ப இல்லம்மா. அதைத்தானே நானும் சொல்றேன்."

அம்மையார் முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா, இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறீர்கள். இது மிக நல்ல தொடக்கம்."

ஹில்மி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தன் செருப்பைப் பார்த்தார்.

"புலனாய்வாளர் பார்டர்ல நிக்கிறார்னு சொன்னாங்க. எதுக்கு நிக்கிறார்?"

"அனுமதிக்காக. அனுமதி கிடைத்த மறுநாளே உள்ளே வந்துவிடுவார்."

"அனுமதி யார் குடுக்கணும்?"

"ராணுவம்."

"எந்த ராணுவம்?"

அம்மையார் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "சம்பந்தப்பட்ட ராணுவம். அவர்களுடைய ஒத்துழைப்பை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். எங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போட்டார்கள். தங்களைத் தாங்களே நன்றாக விசாரித்ததாகவும், தங்கள் பதில்கள் தங்களுக்கு முழுத் திருப்தி அளித்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் இவ்வளவு விரைவாகப் பதில் போடுவதில்லை. உதாரணமாக, உங்கள் தம்பியின் ஒப்புதல் படிவம் இன்னும் வரவில்லை."

"என் தம்பியோடதா?"

"அவருடைய பெயரைப் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும். அது அவருடைய உரிமை. அவர் உரிமையில் நாங்கள் சமரசம் செய்துகொள்ள மாட்டோம்."

"அவன் கல்லுக்குக் கீழ இருக்கான்மா."

"அவசரமில்லை. மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லுங்கள்."

அதற்குப் பிறகு ஏற்பாடு சொன்னதையெல்லாம் ஹில்மி ஒழுங்காகவே கடைப்பிடித்தார். கெட்ட பெயர் வாங்கக் கூடாதே. பக்கத்து வீட்டுப் பூனை நாடாவைத் தாண்டிப் போனதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். மழை பெய்து குவியலின் ஒரு ஓரம் சரிந்தபோது வாத்தியார் முறைப்படி தகவல் அனுப்பினார். 'சான்றில் மாற்றம் ஏற்படுத்தும் நடவடிக்கைகளை எல்லாத் தரப்பும் உடனே நிறுத்த வேண்டும்' என்று ஏற்பாடு அறிக்கை விட்டது. மூன்றாம் நாள் மழை நின்றது. ஏற்பாட்டின் வரலாற்றில் ஒரு தரப்பு அவர்களுடைய பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைமை அலுவலகத்தில் கேக் வெட்டினார்களாம்.

வடிகட்டிய பொய் என்று நினைப்பவர்கள் வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளலாம். கேக்கின் படம் அவருடைய டேப்லெட்டில் இருக்கிறது.

பிறகு ஒருநாள் ஏற்பாடு தன் 'கவலை'யை 'ஆழ்ந்த கவலை'யாக உயர்த்தலாமா என்று நாற்பது நாடுகள் கூடி ஓட்டுப் போட்டன. எட்டு நாடுகள் ஆழம் அதிகம் என்று வெளிநடப்பு செய்தன. "எவ்வளவு ஆழம்னு கேட்டு எழுதுங்க வாத்தியாரே. என் தம்பி அஞ்சு மீட்டர் ஆழத்துல கிடக்கான், அது வரைக்கும் எட்டுமா?" என்று ஹில்மி கேட்டார். வாத்தியார் எழுதி அனுப்பினார். 'முன்மாதிரியான பங்கேற்பு' என்று பாராட்டுக் கடிதம் வந்தது. அந்த வருஷத்து ஆண்டறிக்கையின் அட்டையில், மஞ்சள் நாடாவுக்குப் பக்கத்தில் ஹில்மி நிற்கும் படம். கீழே 'நம்பிக்கையின் முகம்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் படம் எடுத்தபோது அவருக்குப் பல்வலி.

இப்படியே நாலு மாதம் போனது. அபூ ஸக்கரின் பட்டியல் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

ஒருநாள் காலை வஜீஹின் மனைவி சுஹைலா கடைக்கு வந்தாள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"மச்சான், பதிவேட்டு ஆபீசுக்குப் போயிருந்தேன். அவர் பேருக்கு நேரா 'காணாமல் போனவர்'னு எழுதி வெச்சிருக்கான். காணாமப் போகலையேப்பா, எங்க இருக்கார்னு சுவத்துலயே எழுதியிருக்குன்னு சொன்னேன். சுவரு செல்லாதுங்கறான்."

"புலனாய்வாளர் வந்துட்டா..."

"பதினெட்டு மாசமாச்சு. நான் விதவையா இல்லையான்னு எனக்கே தெரியல. மூணு நாள் உக்காந்து அழறதுக்கு எனக்கு நேரம் குடுக்கல. அவருக்குன்னு ஒரு கசப்புக் காபி காய்ச்சல, வந்தவங்களுக்கு ஒரு பேரீச்சம்பழம் குடுக்கல. உலகம் கேக்கும், கேக்கும்னீங்க. உலகம் கேக்கட்டும். நீங்க முதல்ல அவரை எடுத்துக் குடுங்க."

ஹில்மி மிளகாய் கீறும் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். இந்த நாலு மாதமும் தான் தம்பிக்காகக் காத்திருந்ததாக நினைத்தது பொய், ஒரு பூந்தொட்டிக்காரிக்குப் பயந்துகொண்டு இருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. நேராகப் போய், மஞ்சள் நாடாவை அந்தக் கத்தியாலேயே அறுத்தார்.

அபூ ஸக்கர் பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தார். சொன்னதும் வண்டியோடு வந்துவிட்டார். "பட்டியல் கிடக்கட்டும் அண்ணே. என் கல்யாணத்துக்கு மேளம் அடிச்சவன். ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தான், ஆனா நாலு மணி நேரம் அடிச்சான்" என்றார்.

தளத்தைத் தூக்கும்போது லுத்ஃபி வாத்தியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். சட்டையின் பொத்தானைக்கூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை.

"அபூ ரஷாத், வேண்டாம். நான் பாத்தா ரிப்போர்ட் பண்ணணும். போட்டோ எடுக்கணும். இல்லன்னா என் வேலை போயிடும். வீட்ல ஒன்பது பேர் இருக்காங்க."

"எடுங்க வாத்தியாரே. நல்லா எடுங்க. என் மூஞ்சி தெளிவாத் தெரியணும். போன தடவை பல்வலியோட எடுத்துட்டீங்க."

வாத்தியார் எடுத்தார். எடுத்துக்கொண்டே அழுதார். ஒரு கையால் போட்டோ எடுத்து, மறு கையால் கல்லை நகர்த்தினார். இரண்டையும் அறிக்கையில் எழுதினார்; அவ்வளவு நேர்மையான மனிதர்.

மதியத் தொழுகைக்கு முன்னால் வஜீஹ் கிடைத்தான். குளியலறைச் சுவர் மூலையில் இருந்தான். பக்கத்தில் ரேசர் கிடந்தது. மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. கண்ணாடி உடைந்து, முள் பத்து இருபதில் நின்றிருந்தது. ஹில்மி அதைப் பார்த்துவிட்டு அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை எழுப்பவில்லை. சுஹைலா வந்து கடிகாரத்தைக் கழற்றித் தன் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே வஜீஹ் அப்பாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான். மூன்று நாள் கூடாரம் போட்டுக் கசப்புக் காபி கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். மரியாதைக்காக.

பத்து நாளில் ஏற்பாட்டின் முதல் கடிதம் வந்தது. வாத்தியார் வாசித்துக் காட்டினார். வஜீஹ் வழக்கில் ஒரு முக்கியத் திருப்பம் என்று ஆரம்பித்தது. 'குண்டுவீச்சு நடந்ததாகக் கூறப்படும் நேரம் காலை 9.20. இறந்தவரின் கடிகாரம் நின்ற நேரம் 10.20. எனவே இறந்தவர் குண்டுவீச்சுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் நலமாக இருந்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், ஏன் வெளியே வரவில்லை என்பது குறித்து ஏற்பாடு கவலை கொள்கிறது.'

"என்ன செஞ்சிருப்பான், ஷேவிங்தான்" என்றார் அபூ ஸக்கர்.

ஹில்மி சிரிக்கவில்லை. உட்கார்ந்து ஒரு பதில் எழுதினார். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது என்றும், தம்பி எதற்கும் நேரத்துக்கு வராததால் தானே முள்ளைத் தள்ளி வைத்ததாகவும், இது ஊர் அறிந்த விஷயம் என்றும் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கடிதம் ஆறே நாளில் வந்தது. ஏற்பாடு அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை. கனமான தாள், சிவப்பு முத்திரை. வாத்தியாருக்கு வாசிக்கும்போதே நாக்குக் குழறியது.

"குற்றப்பத்திரிகை. அபூ ரஷாத், உங்க மேல. ரெண்டு குற்றம். ஒண்ணு, பாதுகாக்கப்பட்ட சான்றைக் கத்தியால தாக்கி, ஒரு பகுதியை மண்ணுல மறைச்சது."

"மண்ணுல மறைச்சதா? அடக்கம் பண்ணினேன்யா."

"ரெண்டாவது, சம்பவத்தை எதிர்பாத்து ஆறு வருஷத்துக்கு முன்னாடியே கடிகாரத்தைத் திருத்திச் சான்றைக் கெடுத்தது. சர்வதேசச் சட்டத்துல இவ்வளவு நீண்ட முன்திட்டம் இதுவரை பதிவானதில்லையாம்."

விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். அபூ ஸக்கர் வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஹில்மியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மப்ரூக் அண்ணே, வாழ்த்துகள். இவ்வளவு பெரிய சண்டையில பொறுப்புக்கூற ஒரே ஒரு ஆள்தான் மாட்டியிருக்கான். அதுவும் நம்ம தெரு ஆள்."

ஹில்மி கடிதத்தின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகள் என்றார் வாத்தியார். வாசிக்கச் சொன்னார். இலவச வழக்கறிஞர். மொழிபெயர்ப்பாளர். முப்பது நாளுக்குள் விசாரணை. நீதிபதி முன்னால் நேரில் நின்று, யாரும் குறுக்கிடாமல், நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லும் உரிமை. அழைத்துவர வேண்டியது ஏற்பாட்டின் பொறுப்பு.

"இதெல்லாம் எனக்கா?"

"குற்றவாளிக்கு."

"நான் தம்பியைப் பறிகுடுத்தவனா இருந்தப்ப இதுல எதுவும் இல்லையே."

"அது வேற படிவம்" என்றார் வாத்தியார்.

ஹில்மி அன்றே பதில் அனுப்பினார். இரண்டு குற்றத்தையும் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன், தயவுசெய்து உடனே வந்து கைது செய்யவும், பெட்டி கட்டி வைத்திருக்கிறேன், நீதிபதியிடம் முதலிலிருந்து சொல்ல நிறைய இருக்கிறது. வாத்தியார் அதை அனுப்பிய ஒரு மணி நேரத்தில் டேப்லெட் அலறியது. மார்கரேதா அம்மையார். பின்னால் பூந்தொட்டி இருந்தது. அம்மையாரின் தலைமுடிதான் கொஞ்சம் கலைந்திருந்தது.

டீக் கூடாரத்தில் இந்த முறை ஐம்பது பேர். சுஹைலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"திரு ஹில்மி, நீங்கள் இப்படி அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளக் கூடாது. நீங்கள் நிரபராதியாக இருக்கலாம்."

"இல்லம்மா. நான்தான் அறுத்தேன். போட்டோ இருக்கு. வாத்தியார் நல்லா எடுத்திருக்கார்."

"சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு..."

"அதைத்தான் நானும் சொல்ல வரேன். சூழ்நிலையை நீதிபதிகிட்ட சொல்றேன். கல்லை ஏன் எடுத்தேன்னு கேப்பார். தம்பி கீழ இருந்தான்னு சொல்வேன். தம்பி ஏன் கீழ இருந்தான்னு கேப்பார். வீடு விழுந்துச்சுன்னு சொல்வேன். வீடு ஏன் விழுந்துச்சுன்னு கேக்காம இருப்பாரா?"

கூடாரத்தில் யாரோ இருமினார்கள்.

"கேக்கத்தான் செய்வார். அதுதான் சிக்கல்" என்றார் அம்மையார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவசரமாகக் காகிதத்தைப் புரட்டினார். "திரு ஹில்மி, எங்கள் ஏற்பாடு பொறுப்புக்கூறலை நோக்கியது. 'நோக்கிய' என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். நாங்கள் இருபது வருடமாக அதை நோக்கிக்கொண்டிருக்கிறோம். போய்ச் சேர்வது எங்கள் வேலைத்திட்டத்தில் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டால் எங்கள் உறுப்பு நாடுகளில் சில மிகவும் மனம் வருந்தும். குண்டு செய்து விற்பவர்களும் அவர்கள்தான், எங்கள் கட்டடத்துக்கு வாடகை கொடுப்பவர்களும் அவர்கள்தான். இரண்டு பொறுப்பையும் அவர்கள் எவ்வளவு பொறுமையாகச் சுமக்கிறார்கள் தெரியுமா?"

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லி முடித்ததும் சுஹைலா எழுந்து டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, நான் வஜீஹோட பொண்டாட்டி. உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க மச்சானைக் கைது பண்ண வருவீங்களா, மாட்டீங்களா?"

"அனுமதி கிடைத்தால்..."

"யார்கிட்ட?"

அம்மையார் அதற்குப் பதில் சொல்லும் முன் சிக்னல் போய்விட்டது. எந்தப் பக்கத்து சிக்னல் என்று தெரியவில்லை.

மறுநாளே வழக்கு வாபஸ் ஆனது. குற்றவாளி ஒத்துழைக்க மறுத்ததால் என்று காரணம் போட்டிருந்தார்கள். தன்னை நிரபராதி என்று சொல்லிக்கொள்ள மறுத்தாராம். கடிதத்தோடு லுத்ஃபி வாத்தியாரும் வந்தார். அறுந்த நாடாவைத் திருப்பி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அதில் சுஹைலா துணி காயப்போட்டிருந்தாள். துணி உலர்ந்ததும் தருகிறேன் என்றாள்.

வாத்தியார் தயங்கித் தயங்கி நின்றார். "இன்னொண்ணு இருக்கு. கேஸ் இல்லன்னாலும் கடிகாரம் வேணுமாம். அங்க ஒரு கண்ணாடிப் பெட்டியில வெக்கப் போறாங்க. ஏற்பாட்டோட இருபதாம் ஆண்டு விழா வருது. உலகத் தலைவர்கள் எல்லாம் வந்து பாப்பாங்களாம்."

ஹில்மிக்கு முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். சுஹைலா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். தலைத்துணி முனையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முடிச்சு அங்கேயே இருந்தது.

"இது என் புருஷனோடது வாத்தியாரே, குடுக்க மாட்டேன். அவங்களுக்கு வேற ஒரு கடிகாரம் வாங்கி மாட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுல லேட்டா வர்றவருக்கு ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சோம். அவங்களுக்கு அது பத்தாது."

"எவ்வளவு வெக்கணும்னு எழுதட்டும்?" என்றார் வாத்தியார். பேனாவைத் திறந்துவிட்டார். அவருக்கு அது பழக்கம்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து உலகம் வந்துக்கிட்டே இருக்கு, ஒரு எம்பது வருஷம் தள்ளி வெக்கச் சொல்லுங்க" என்றாள் சுஹைலா. "அப்பவும் ஷேவ் பண்ணிட்டு வரேன்னுதான் சொல்வாங்க."

வாத்தியார் அதையும் எழுதிக்கொண்டார்.